தீபாவளிக்கு வேண்டாம், தைக்கு அடியுங்கள்: மலையக வீட்டின் வெளிச்சுவர்ப் பெயின்ட் பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இது. தலவாக்கலைப் பக்கம் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு, கட்டி ஆறு வருடம். மூன்று வருடத்துக்கு முன் ஆள் வைத்து வெளியே பெயின்ட் அடித்தீர்கள். முன்பக்கம் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, வேறு குறையில்லை. மண்மேட்டைப் பார்த்த பின்சுவர் மட்டும் பாசி பிடித்து, கொப்பளித்து, செதில் செதிலாக உரிகிறது. இந்த முறை கூலி கொடுக்க வழியில்லை, என் தம்பியும் நானுமாகவே அடித்துவிடலாமா, தீபாவளிக்குள் முடியுமா, எந்தப் பெயின்ட், எத்தனை லீற்றர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹட்டன், கொட்டகலை, போகவந்தலாவைப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களால் தாராளமாகச் செய்ய முடியும். மாடி இல்லாத வீடு, இரண்டு பேர், ஒரு நல்ல ஏணி போதும். ஆனால் தீபாவளிக்கு அடிக்காதீர்கள். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நம் பக்கத்து வருடத்தைப் பாருங்கள். வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும் மழை. ஐப்பசி அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள்? தீபாவளி வருவது அந்த ஐப்பசியில்தான். ஐந்தாறு மாதம் தண்ணீர் குடித்த சுவர் அது. கையை வைத்தால் ஈரம் தெரியாது, உள்ளே சீமெந்துக் கல் ஊறிப்போய் இருக்கும். அதன்மேல் நீங்கள் உலகத்திலேயே விலை கூடிய பெயின்டை அடித்தாலும், தை மாத வெயில் சுவரில் படும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். முன்னால் பிளாஸ்டிக் தோல் மாதிரிப் பெயின்ட் மறித்துக்கொண்டு நிற்கும். அப்போதுதான் கொப்பளம்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில் என் அக்கா வீட்டுக்குத் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அடித்துக் கொடுத்தேன். பண்டிகையன்று வீடு பளபளவென்று இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குப் போனபோது சன்னலுக்குக் கீழே பெயின்ட் பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காசு அவள் தேயிலைக் கொழுந்து எடுத்துச் சேர்த்த காசு. அதன் பிறகு ஐப்பசியில் வெளிச்சுவரை நான் தொடவே இல்லை.

தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் கையில் வரும் நேரத்தில்தான் சாமான் வாங்க முடியும் என்பது எனக்குத் தெரியும். வாங்குங்கள். மூடி திறக்காத பெயின்ட் டின் மூன்று மாதம் வீட்டுக்குள் வெயில் படாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பண்டிகைக்கு முன்வாசல் கதவையும் உள்ளறையையும் அடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரைத் தைப்பொங்கல் முடிந்து தொடங்கி மாசிக்குள் முடியுங்கள். மேற்குச் சரிவுக்கு வருடத்தில் மிகக் காய்ந்த காலம் அதுதான். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே டிசம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை. அவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், காற்று அள்ளிக்கொண்டு வரும் தூசியை மட்டும் சமாளிக்க வேண்டும்.

இனி உங்கள் பின்சுவர். முன்சுவர் நன்றாக இருக்கிறது, பின்சுவர் உரிகிறது என்றால் குற்றம் பெயின்டில் இல்லை. ஒரே ஆள், ஒரே டின், ஒரே நாள் அடித்ததுதானே இரண்டும்? பின்சுவருக்கு எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடித்தால் இன்னும் மூன்று வருடத்தில் இதே கேள்வியைக் கேட்பீர்கள்.

மழை நன்றாகப் பெய்யும் ஒரு நாளில் குடையோடு போய்ப் பத்து நிமிடம் வீட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். மேட்டை வெட்டி மட்டமாக்கிக் கட்டிய வீடுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் மூன்று. மேட்டு மண் மழைக்கு மழை இறங்கி வந்து சுவரின் காலோடு ஒட்டி நிற்கும். வீட்டுத் தரை மட்டத்தைவிட வெளி மண் உயர்ந்துவிட்டால் சுவர் திரி மாதிரித் தண்ணீரை உறிஞ்சும். அந்த மண்ணை அள்ளிவிட்டு, தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். இரண்டாவது, கான் (வடிகால்) அடைத்திருக்கும், அல்லது கானே இருக்காது. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கான் வெட்டி, சாய்வு கொடுத்து, வீட்டுப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். தோட்டத்தில் கான் வெட்டிய கை நம் வீடுகளில் எப்படியும் ஒன்று இருக்கும், அவரைக் கேட்டாலே சாய்வு பார்த்துச் சொல்லிவிடுவார். மேட்டின் அடியை ஆழமாக வெட்டி மேட்டைப் பலவீனப்படுத்திவிட வேண்டாம், கான் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். மூன்றாவது, கூரைத் தண்ணீர். கட்டர் (கூரையோரத்தில் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால்) இல்லாத கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் அடித்துச் செம்மண்ணோடு சுவரில் தெறிக்கும். உங்கள் சுவரில் கீழிருந்து இரண்டடி உயரத்துக்குச் சிவப்புக் கறை இருந்தால் இதுதான் காரணம். கட்டர் போடக் காசு இல்லையென்றால், தண்ணீர் விழும் கோட்டில் சரளைக்கல் பரப்பினாலும் பாதி தெறிப்பு குறையும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டு எடுத்து, பின்சுவரில் உரிந்துபோன இடத்தில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் பார்க்கும்போது பொலித்தீனுக்கு உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு கிழமை பொறுத்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் துளி இருந்தால் அது இரவுப் பனி, கவலையில்லை.

விரிசல் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தலைமயிர் போன்ற மெல்லிய விரிசல் பூச்சு காயும்போது வருவது. அதை ஸ்கிரேப்பர் முனையால் சற்று அகலமாக்கி, தூசி தட்டி, வெளிச்சுவருக்கென்று விற்கும் ஃபில்லரை அழுத்தி அடைத்தால் போதும். ஆனால் சாய்வாக, படிப்படியாக ஏறும் விரிசல், ஒரு நாணயக் குற்றி நுழையும் அகலம், கூடவே தரையும் பிளந்திருக்கிறது, கதவு முன்பு மாதிரிச் சாத்தவில்லை, மேட்டிலிருந்து திடீரென்று கலங்கிய ஊற்று வருகிறது என்றால் அது பெயின்ட் சமாச்சாரம் இல்லை. நிலம் அசைகிறது. அதை அடைத்துப் பூசி மறைக்காதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்துப் பாருங்கள், மழை நேரம் என்றால் வீட்டை விட்டு விலகி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை இடம் சரிந்தது என்பதையும் பார்த்தோம். உங்கள் வீடு மேட்டின் அடியில் இருக்கிறது. சுவரை நுணுக்கமாகப் பார்க்கப் போகும் இந்த வேலையே விரிசல் பார்க்கவும் நல்ல சந்தர்ப்பம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். ஏணி வைப்பதற்கு முன்னால் கூரை இறவாரத்தைச் சுற்றிக் குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள். ஏணியில் நிற்கும்போது குளவி கிளம்பினால் இறங்க நேரம் கிடைக்காது. மலையில் நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடு இருந்தால் பழக்கப்பட்ட ஆளை வைத்து அகற்றிய பிறகே வேலை. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதன் ஓரத்தை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கவோ சாண்ட் பேப்பர் போடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் மூலையில் அலுமினிய ஏணி வேண்டாம், மர ஏணியை எடுங்கள், கம்பியிலிருந்து விலகியே நில்லுங்கள். ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் சாய்ந்திருக்கட்டும், நம் நிலம் சாய்வானது என்பதால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை என்று நான் சொன்னதே அதற்காகத்தான். பக்கச் சுவரின் உச்சிக்கு ஏணி எட்டாவிட்டால், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மூங்கில் பலஞ்சி (சாரம்) கட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பாசியை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், அது தூளாகிச் சுவர் முழுக்கப் பரவும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் சுவரில் பூசி, கால் மணி நேரம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு தும்புப் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கறுப்புப் புள்ளி போகாத இடத்தில் இன்னொரு தடவை. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் லீக்ஸ், கரட் பாத்தி இருந்தால் மூடிவிடுங்கள். கழிவறை கழுவும் அசிட்டை இதோடு ஒருபோதும் கலக்காதீர்கள், கலந்தால் எழும் வாயு ஆளையே சாய்த்துவிடும். வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தை மட்டும் முதலில் தண்ணீர் விடாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். சமையலறைப் புகைபோக்கிக்குக் கீழே கரி படிந்திருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒரு கை, அதாவது ஒரு தடவை, கொடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை கை அடித்தாலும் மஞ்சள் கறை மேலே வரும்.

பிறகு சுரண்டல். மொத்த வேலையில் பாதி இதுதான், கை வலிப்பதும் இதில்தான், பெயின்ட் நிற்பதும் இதனால்தான். தளர்ந்ததெல்லாம் போகும்வரை ஸ்கிரேப்பர். ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்டை நம்பலாமா என்று பார்க்க, பிளேடால் சிறிய பெருக்கல் குறி கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அந்த இடமும் போக வேண்டியதுதான். ஸ்கிரேப்பர் கைப்பிடியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போங்கள். பானையைத் தட்டிய மாதிரி வெற்றொலி கேட்டால் பூச்சு கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதை வெட்டியெடுத்து மறுபடி பூச மேசன் பாஸ் (கொத்தனார்) வேண்டும், புதுப் பூச்சுக்கு நாலு கிழமையாவது அவகாசம் வேண்டும். அதனால் இந்தப் பூச்சு வேலையை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். ஓரங்களைச் சாண்ட் பேப்பரால் மழுக்கி, ஒரு ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, மூன்று நாலு நல்ல வெயில் காயவிடுங்கள். முன்சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அதையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

லயத்தில் இருக்கும் சொந்தக்காரர்களும் உங்களைக் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். பழைய லயங்களில் பல, கல்லும் மண்சாந்துமாகக் கட்டி மேலே சுண்ணாம்பு அடித்தவை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கும் சுண்ணாம்புதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் இமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட்) அடித்தால் இரண்டு கேடு. அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பொடியோடு சேர்ந்து பெயின்ட் பாய் மாதிரிச் சுருண்டு விழும், உள்ளே அடைபட்ட ஈரம் மண்சாந்தை இளக்கும். அந்தச் சுவர்களுக்கு மறுபடி சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. சுவரைக் கொஞ்சம் நனைத்துவிட்டு, துணியில் வடிகட்டிய நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாக மூன்று கை. கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், அதனால் கண்ணாடி இல்லாமல் கலக்க வேண்டாம். சுண்ணாம்பு ஏழைக்கு என்று நினைத்து வெட்கப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு அதுதான் சரியான மருந்து.

எந்தப் பெயின்ட் என்ற கேள்விக்கு நான் கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. டின்னில் வெளிச்சுவருக்கானது என்று எழுதியிருக்க வேண்டும், பூஞ்சணத்தைத் தடுக்கும் என்றும் இருக்க வேண்டும். உள்சுவர் இமல்ஷனையோ, உள்சுவர் ஃபில்லரையோ மலிவு என்று வெளியே போடாதீர்கள், இரண்டு மழைக்கு ஊறி மாவாகும். சுரண்டி வெறுமையான இடத்துக்கெல்லாம் வெளிச்சுவர் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) ஒரு கை, மேலே பெயின்ட் இரண்டு கை.

அளவு பார்ப்போம். 28 அடிக்கு 20 அடி வீடு என்று வைத்தால் சுற்றளவு 96 அடி. சுவர் உயரம் ஒன்பதரை அடி என்றால் 912 சதுர அடி. இரண்டு பக்கத்து முக்கோணத்துக்கும் சேர்த்து 100 கூட்டுங்கள், கதவு சன்னலுக்கு 120 கழியுங்கள். சுமார் 890. இரண்டு கைக்கு 1,780 சதுர அடி. 4 லீற்றர் டின் 400 சதுர அடிக்கு மேல் வரும் என்று கடையில் சொல்வார்கள், அது வழுவழுப்பான சுவருக்கு. மணல் தட்டிய நம் பூச்சுக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டின், அதாவது 24 லீற்றர். 20 லீற்றர் வாளி ஒன்றும் 4 லீற்றர் டின் ஒன்றும் வாங்கினால் சரியாக இருக்கும். பிரைமர் பின்சுவருக்கு 4 லீற்றர் போதும். மெஷினில் கலக்கும் நிறம் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அடிக்கும் முன் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறுவது தெரியும். நிறம் உங்கள் விருப்பம், ஆனாலும் ரோஸ், ஊதா, கடும் மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளிறும். காவி, மண்நிறம், சாம்பல் நிற்கும். கீழிருந்து இரண்டடிக்கு ஒரு கடும் காவிப் பட்டை போட்டால் செம்மண் தெறிப்பு கண்ணில் படாது.

அடிக்கும் நேரத்துக்கு வருகிறேன். இமல்ஷன் காய்வது என்றால் தண்ணீர் போய், அதில் மிதக்கும் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாவது. பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் பெரும்பாலான பெயின்ட் சரியாக ஒட்டாது. தை, மாசியில் பகல் நல்ல வெயில், இரவோ கடும் குளிர். அதனால் பனி ஈரம் சுவரில் காய்ந்த பிறகு ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரஷ்ஷை வைத்துவிடுங்கள். மூன்று மணிக்கு அடித்த சுவரில் இரவுப் பனி இறங்கினால் காலையில் நத்தை ஊர்ந்த மாதிரி பளபளப்பான கோடுகள் வழிந்திருக்கும். பயப்பட வேண்டாம், அது பெயின்டிலிருந்து கசிந்த சோப்புத் தன்மையான பொருள்தான், வெறும் தண்ணீரில் கழுவலாம். ஆனால் முழுக்கக் காயாத பெயின்டில் மழையே விழுந்தால் அந்தக் கை வீண். டின்னில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த கை என்று போட்டிருந்தாலும், நம் குளிருக்கு முதல் கை இன்று, இரண்டாம் கை நாளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள். கூரைப் பலகை முதலில், சுவர் பிறகு, கதவு சன்னல் கடைசியில். ஒருவர் மூலைகளையும் சன்னல் ஓரங்களையும் பிரஷ்ஷால் அடித்துக்கொண்டு போக, மற்றவர் அது காயும் முன் ரோலரோடு பின்னால் வரட்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலை வரை முடித்துவிட்டுத்தான் தேநீர். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தையல் போட்ட மாதிரித் தெரியும். தண்ணீர் கலப்பது முதல் கைக்கு மட்டும், டின்னில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கோப்பைகூட வேண்டாம். பெயின்டை நீட்டிப் போட்டு மிச்சம் பிடிப்பது, அடுத்த வருடம் சுவரில் மாவாக இறங்கும்.

பிரஷ், ரோலரைத் தண்ணீர்ப் பீலியிலோ ஓடையிலோ கழுவாதீர்கள், கீழ் லயத்து ஆட்கள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். வாளியில் கழுவி, ஓடைக்குத் தூரமாக ஒரு குழி வெட்டி ஊற்றுங்கள்.

மிஞ்சும் பெயின்டை டின்னிலேயே விட்டால் தோல் கட்டிப்போகும். கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, நிறத்தின் நம்பரையும் அடித்த திகதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். வருடா வருடம் செப்டெம்பர் மழை ஓய்ந்ததும் பின்சுவரை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கானில் சேர்ந்த மண்ணை அள்ளுங்கள், புதிதாகத் தலைகாட்டும் பாசியை ப்ளீச் தண்ணீரால் துடைத்தெடுங்கள். எங்கேயாவது உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, தை வெயில் வந்ததும் அந்தப் போத்தலைத் திறங்கள்.